மே மாதக் கடைசித் திங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், விழாக் குழுவினர், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மே மாதம் பிறந்ததும் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சுவரொட்டி சுற்றத் தொடங்கும். மேலே பலூனும் கொடியும், நடுவில் பெரிய எழுத்தில் ‘ஹேப்பி மெமோரியல் டே’, கீழே பிரியாணி, கயிறு இழுத்தல், குழந்தைகளுக்குப் பவுன்சி ஹவுஸ். வடிவமைத்தவரைக் குற்றம் சொல்ல மாட்டோம். மெத்தைக் கடை தள்ளுபடி விளம்பரமும் அதே வாசகத்தோடுதான் வருகிறது. ஆனால் நம்மில் யாரும் ‘இனிய திவச வாழ்த்துகள்’ என்று அட்டை அடித்துக் கொடுப்பதில்லை. அந்தத் திங்கட்கிழமை இந்த நாட்டுக்குத் திவச நாள் மாதிரி.

நாட்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மே மாதக் கடைசித் திங்கள் வரும் மெமோரியல் டே, படைப்பணியில் உயிர் விட்டவர்களுக்கு உரியது. நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, பணியாற்றிய எல்லோருக்கும் உரியது. நன்றி சொல்வதும் கைகுலுக்குவதும் அன்றைக்குத்தான். இப்போது சீருடையில் இருப்பவர்களுக்கென்றே மே மாத மூன்றாம் சனிக்கிழமை ஆர்ம்டு ஃபோர்சஸ் டே தனியாக இருக்கிறது. மெமோரியல் டே அன்று ஒரு முன்னாள் படைவீரரை மேடையேற்றிக் கைதட்டினால் அவர் நெளிவார். திரும்பி வராத தோழனுக்கான நாளில் திரும்பி வந்த தனக்கு என்ன பாராட்டு என்பதுதான் அவர் சங்கடம்.

அந்த நாளின் தொடக்கமே கல்லறையில் பூ வைப்பதுதான். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல், மே 1 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் திரண்டார்கள். அங்கே குதிரைப் பந்தய மைதானத்தில் போர்க்கைதிகளாக அடைபட்டு இறந்த 257 வடபடை வீரர்களை முறையாக மறு அடக்கம் செய்திருந்தார்கள். அந்த இடத்துக்கு ஊர்வலமாகப் போய்ப் பூ வைத்தார்கள். 1868-இல் ஜான் லோகன் என்ற தளபதி, போரில் பங்கேற்ற வடபடையினரின் சங்கத் தலைவராக இருந்து, மே 30 அன்று நாடெங்கும் கல்லறைகளுக்குப் பூச்சூட்ட ஆணையிட்டார். பெயரே ‘டெகரேஷன் டே’ என்றுதான் இருந்தது. 1971 முதல் அது திங்கட்கிழமைக்கு மாறி மூன்று நாள் விடுமுறையானது. பிக்னிக்குக்கு வசதியாகிப் போனது.

இது நமக்கு அந்நியமான வழக்கமல்ல. வீரனின் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் பொறித்து, மயிற்பீலி சூட்டிப் படையலிட்டவர்கள் நாம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று நடுகல்லுக்கு ஆறு படி முறை வகுத்தவர்கள். செத்தவனுக்குச் செய்வதில் முறை தவறக் கூடாது என்பது நம் பாட்டிகளுக்கும் தெரியும். இங்கேயும் முறை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொடியிலிருந்து தொடங்குவோம். மெமோரியல் டே அன்று கொடி நண்பகல் வரை மட்டுமே அரைக்கம்பத்தில் பறக்கும். காலையில் நேராகப் பாதிக் கம்பத்தில் கட்டிவிடக் கூடாது. முதலில் விறுவிறுவென்று உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு மெதுவாகப் பாதிக்கு இறக்க வேண்டும். 12 மணிக்கு மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும்; சூரியன் மறையும் வரை அங்கேயே இருக்கும். முற்பகல் இறந்தவர்களுக்கு, பிற்பகல் அவர்கள் காத்த நாட்டுக்கு என்பார்கள். காலையில் ஏற்றியவர் சமையல் பக்கம் போய்விட, மாலை வரை கொடி பாதியிலேயே தொங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 12 மணிக்கு என்று ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள், அவர் போனில் அலாரம் வையுங்கள். வீட்டுச் சுவரில் சாய்வாகச் செருகும் குச்சிக் கொடியை இறக்க முடியாது. அதன் உச்சியில் கறுப்பு நாடா கட்டுவது வழக்கம்.

மாலை 3 மணிக்கு ஒரு நிமிட மௌனம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் தேசிய நினைவு நிமிடம் இது. அவரவர் ஊர் நேரப்படி 3 மணி. பிக்னிக் நடந்துகொண்டிருந்தாலும் இதைச் செய்யலாம். ஸ்பீக்கரை நிறுத்துங்கள், ஆட்டத்தை நிறுத்துங்கள், எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஒரு நிமிடம் என்றால் முழுதாக அறுபது நொடி. பலர் இருபதாவது நொடியிலேயே மைக்கைத் தட்டிவிடுகிறார்கள்.

சங்க மேடையில் அமெரிக்கக் கொடி பேச்சாளரின் வலப்பக்கம், அதாவது பார்வையாளர்களுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். சுவரில் விரித்துத் தொங்கவிட்டால், கிடையாகவோ நெடுக்காகவோ, நீலக் கட்டம் பார்ப்பவரின் இடப்பக்க மேல்மூலையில் வர வேண்டும். நெடுக்காகத் தொங்கவிடுபவர்கள் கொடியைச் சும்மா சுழற்றிவிடுவார்கள், கட்டம் வலப்பக்கம் போய்விடும். கொடியைப் புரட்டினால்தான் சரியாகும். இந்தியக் கொடியும் வைத்தால் இரண்டும் தனித்தனிக் கம்பத்தில், ஒரே உயரத்தில், ஒத்த அளவில். இங்கே ஒரு சிக்கல்: கடைகளில் அமெரிக்கக் கொடி 3 அடிக்கு 5 அடி. இந்தியக் கொடியின் விகிதம் 3:2 என்பதால் 3 அடி உயரத்துக்கு நாலரை அடி நீளம்தான் சரி. இணையத்தில் எல்லா நாட்டுக் கொடியையும் 3-க்கு 5 என்றே விற்கிறார்கள். அசோகச் சக்கரம் நீள்வட்டமாக நசுங்கி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சங்கக் கொடி இரண்டுக்கும் கீழே இருக்கட்டும்.

கொடி அச்சிட்ட காகிதத் தட்டு, கைத்துடைப்பான், மேசைவிரிப்பு எதையும் வாங்காதீர்கள். 1942 முதல் இருக்கும் கொடி விதித்தொகுப்பு இவற்றையெல்லாம் வேண்டாம் என்கிறது. மீறினால் தண்டனை எதுவும் அதில் இல்லை. ஆனால் சட்னி துடைத்த கொடியைக் குப்பைத்தொட்டியில் பார்க்கும் ஒரு தாய்க்குத் தண்டனைப் பிரிவு இல்லாதது ஆறுதலாகாது. கிழிந்த கொடியை முன்னாள் படைவீரர் அமைப்புகளான அமெரிக்கன் லீஜன் அல்லது வி.எஃப்.டபிள்யூ. கிளையில் கொடுத்துவிட்டால் அவர்கள் முறைப்படி எரிப்பார்கள். நைலான் கொடியை நீங்களே எரிக்க வேண்டாம். அந்தப் புகை நச்சு.

குழந்தைகளைத் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவதென்றால் சில குறிப்புகள். பூ வைக்கலாம். அகல் விளக்கு, சூடம், கண்ணாடிக் குவளை, தேங்காய் வேண்டாம். எரியும் விளக்குக்கும் உடையும் பொருளுக்கும் அங்கே அனுமதி இல்லை. கல்லறைகளில் சிறு கொடி நடுவது மெமோரியல் டேயை ஒட்டி மட்டுமே. ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அதற்கு முந்தைய வியாழக்கிழமை பழம்பெரும் மூன்றாம் காலாட்படைப் பிரிவினர் ஒவ்வொரு கல்லிலிருந்தும் ஒரு பூட்ஸ் நீளம் அளந்து, நடு மையத்தில் நடுவார்கள். சில கற்களின்மேல் சில்லறைக் காசு கிடக்கும். குழந்தைகள் அதை எடுத்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு சென்ட் என்றால் யாரோ வந்து பார்த்தார்கள்; ஐந்து சென்ட் என்றால் கூடப் பயிற்சி பெற்றவர் வந்தார்; பத்து சென்ட், கூடப் பணியாற்றியவர்; இருபத்தைந்து சென்ட், அவர் இறந்தபோது உடனிருந்தவர். அரசு வகுத்த விதியல்ல, வீரர்களுக்குள் வழங்கும் பழக்கம்.

நவம்பருக்கு வருவோம். முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் 1918-இல் பதினோராம் மாதம், பதினோராம் தேதி, பதினொரு மணிக்கு ஓய்ந்தன. அந்த நாள் 1954-இல் வெட்டரன்ஸ் டே ஆனது. 1971 முதல் அதையும் அக்டோபர்த் திங்கட்கிழமைக்கு மாற்றிப் பார்த்தார்கள். மக்கள் ஏற்கவில்லை, 1978-இல் பழைய தேதிக்கே திரும்பியது. நீங்கள் வசதிக்காகச் சனிக்கிழமை விழா வைத்தாலும் 11-ஆம் தேதி உறுப்பினர்களுக்கு ஒரு செய்தியாவது அனுப்புங்கள்.

விருந்தினராக வருபவரை எந்தப் படை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு படைகள் இருக்கின்றன: தரைப்படை, மரைன், கடற்படை, விமானப்படை, விண்வெளிப்படை, கடலோரக் காவல்படை. தமிழில் ‘படைவீரர்’ என்று சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள், பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் அறிவிக்கும் தொகுப்பாளர் மரைன் ஒருவரை, தரைப்படையினருக்கு மட்டுமே உரிய ‘சோல்ஜர்’ என்ற சொல்லால் சொல்லிவிட்டால்தான் வம்பு. சீருடையில் வருபவருக்கு மாலையோ பொன்னாடையோ போர்த்தாதீர்கள். விதியில் இல்லாத எதையும் சீருடைமேல் அணிய அவருக்கு அனுமதி இல்லை. மடித்துக் கையில் கொடுங்கள். அதே மேடையில் தேர்தல் வேட்பாளரை ஓட்டுக் கேட்க விடாதீர்கள். கட்சி அரசியல் நிகழ்ச்சியில் சீருடையோடு நிற்பதைப் பாதுகாப்புத் துறை விதிகள் தடுக்கின்றன; நவம்பர் தொடக்கத்தில் இந்தத் தவறு நிகழ வாய்ப்பு அதிகம். ‘அங்கே யாரையாவது சுட்டீர்களா?’ என்ற கேள்வியைக் குழந்தைகள் கேட்பார்கள், பெரியவர்களும் கேட்பார்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களுக்கு மிக முக்கியம், சங்கங்கள் அதிகம் உதவக்கூடிய இடமும் அதுதான். நம்மவர் ஒருவர் படையில் பணியாற்றி, பல ஆண்டு கழித்து இயல்பாக இறந்தாலும், அவருக்கு இறுதி மரியாதை சட்டப்படியான உரிமை. கண்ணியமான பணிவிடுப்புப் பெற்றவருக்குச் சீருடை அணிந்த குறைந்தது இருவர் வருவார்கள்; அவர்களில் ஒருவர் இறந்தவரின் சொந்தப் படையைச் சேர்ந்தவர். கொடியை மடித்து நெருங்கிய உறவினரிடம் கொடுப்பார்கள். டாப்ஸ் என்ற இருபத்து நான்கு சுர இசை ஒலிக்கும். துப்பாக்கி வேட்டு முழக்கம் இந்தக் குறைந்தபட்சத்தில் அடங்காது. ஆள் கிடைத்தால், பெரும்பாலும் முன்னாள் வீரர் அமைப்புகள் வழியாக, மூன்று சுற்று சுடுவார்கள். ஏழு பேர் மூன்று முறை சுட்டால் இருபத்தொன்று வரும் என்பதால் நாம் அதை இருபத்தொரு குண்டு மரியாதை என்று சொல்லிவிடுகிறோம். அது பீரங்கிக்கு உரியது, வேறு.

இதெல்லாம் கிடைக்காமல் போவதற்கு முதல் காரணம் அவசரம். நம் குடும்பங்கள் ஓரிரு நாளில் தகனம் முடிக்க விரும்பும். மரியாதைக் குழு வர ஏறக்குறைய 48 மணி நேர அவகாசம் வேண்டும். தகனத்தை நிறுத்த வேண்டியதில்லை. அஸ்திப் பேழையைத் தேசியக் கல்லறைத் தோட்டத்து மாடத்தில் வைக்கும் நாளில் அதே மரியாதையைக் கேட்டு வாங்கலாம். அங்கே வார நாட்களில்தான் பொதுவாக அடக்கம் நடக்கும் என்பதை ஊரிலிருந்து வருபவர்களுக்கு டிக்கெட் போடும் முன் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் காகிதம். டிடி-214 என்ற பணிவிடுப்புச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. ஈமச்சடங்கு நிலையத்தாரிடம் அதைக் கொடுத்தால் மரியாதைக் குழுவுக்கு அவர்களே விண்ணப்பிப்பார்கள். கொடிக்கு 27-2008 என்ற படிவம். வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் முன்னாள் படைவீரர் நலத்துறை, தகுதியுள்ளவருக்கு இடம், குழி தோண்டி மூடுதல், கல், கொடி எல்லாவற்றையும் இலவசமாகத் தரும். தகனச் செலவு குடும்பத்துடையது. கல்லில் பொறிக்கும் சமயச் சின்னங்களின் பட்டியலில் இந்து சமயத்துக்கும் உண்டு, கேட்டால்தான் வரும். துணைவரும் அதே தோட்டத்தில் இடம் பெறலாம். தகுதியை உயிரோடிருக்கும்போதே 40-10007 படிவம் கொடுத்து உறுதி செய்துகொள்ளலாம். டிடி-214 எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ பிள்ளைக்கோ தெரிந்திருக்கட்டும்.

சடங்கின் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் புரோகிதருக்கும் தெரியாது, நிலையத்தாருக்கும் நம் சடங்கு தெரியாது. வாய்க்கரிசி, நெய், பூ எல்லாம் கொடி போர்த்தும் முன்பே முடிந்துவிட வேண்டும். கொடியின்மேல் எதையும் வைக்கக் கூடாது. 5 அடிக்கு ஒன்பதரை அடி கொண்ட அந்தக் கொடியின் நீலக் கட்டம் தலைப்பக்கம், இறந்தவரின் இடத்தோள்மேல் வரும்படி போர்த்துவார்கள். தகன அறைக்குள் கொடி போகாது, தரையிலும் படாது. இருவர் இடுப்பளவில் பிடித்து, நீளவாக்கில் இருமுறை மடித்து, கோடுள்ள முனையிலிருந்து முக்கோணமாக மடித்துக்கொண்டே வருவார்கள். பதின்மூன்று மடிப்பு முடிந்தால் நீலமும் விண்மீன்களும் மட்டுமே வெளியே தெரியும். சிவப்புத் துண்டு எட்டிப் பார்த்தால் மடிப்பு தவறு. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பொருள் என்று இணையத்தில் உலவும் பட்டியல் அரசு வகுத்ததல்ல. அந்த முக்கோணத்தைப் பிறகு பிரித்துப் பார்க்காதீர்கள். வீட்டில் அதே மடிப்பை மறுபடி கொண்டுவருவது கடினம்.

இளைஞர்களைப் பற்றி. ‘ஆர்மியில் சேர்ந்தால் உடனே சிட்டிசன்ஷிப்’ என்று தமிழ்ப் பள்ளி வாசலில் பேசிக்கொள்கிறார்கள். கிரீன் கார்டு இருந்தால்தான் சேர முடியும். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் முடியாது. 2008-இல் அறிவித்த மாவ்னி என்ற திட்டம் குறிப்பிட்ட மொழிகள் தெரிந்த விசாக்காரர்களையும் எடுத்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அது நின்றுவிட்டது. அதன் பெயரைச் சொல்லி இப்போது யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். கிரீன் கார்டோடு சேர்ந்தவர் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தோடு படை சான்றளித்த என்-426 படிவத்தையும் தர வேண்டும், கட்டணம் இல்லை. இப்படிக் குடியுரிமை பெற்றவர் மொத்தம் ஐந்தாண்டு கண்ணியமான பணியை முடிக்கும் முன் அவப்பெயரோடு வெளியேறினால் குடியுரிமையைப் பறிக்க முடியும். முதல் ஒப்பந்தத்தின் மொத்தக் கடப்பாடு ரிசர்வ் காலத்தையும் சேர்த்து எட்டாண்டு. ஆளெடுப்பவர் நான்காண்டு என்று சொன்னால் மீதி நான்கு எங்கே என்று கேளுங்கள்.

படையில் சேர விருப்பமில்லாத பையன்களுக்கும் ஒரு வேலை உண்டு. 18 முதல் 25 வயதுவரை உள்ள ஆண்கள், கிரீன் கார்டு உள்ளவர்களும் சேர்த்து, தேவைப்பட்டால் கட்டாய ஆளெடுப்புக்கு என்று வைத்திருக்கும் செலக்டிவ் சர்வீஸ் பதிவில் இருக்க வேண்டும். எச்-4-இல் இருந்தவரை இது பொருந்தாது. இருபது வயதில் கிரீன் கார்டு வந்த பையன் இதை மறந்துவிட்டு, பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பான். 26 ஆனபின் பதிய முடியாது. பெயர் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் இன்றே பார்த்துவிடலாம்.

இத்தனை முறையும் சொன்ன நாங்களே இதையும் சொல்ல வேண்டும்: எவரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். கொடி ஏறும்போது குடிமக்கள் வலக்கையை நெஞ்சில் வைப்பார்கள். பிற நாட்டவர் நிமிர்ந்து நின்றால் போதும். கொடி உறுதிமொழிக்குத் தலைப்பாகை, தொப்பி எதுவும் சமயத்துக்காக அணிந்ததென்றால் கழற்ற வேண்டியதில்லை. கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்ததற்காக யெகோவா சாட்சிப் பிள்ளைகளை மேற்கு வர்ஜீனியாவில் பள்ளியைவிட்டு நீக்கினார்கள். அது செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1943 ஜூன் 14 அன்று தீர்ப்பளித்தது. அன்று கொடி நாள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கேரளப் பள்ளியில் தேசிய கீதம் பாடாத மூன்று பிள்ளைகளின் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1986-இல் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியது. குடியுரிமை உறுதிமொழியில் ‘சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவேன்’ என்ற வரி இருக்கிறது. சமய நம்பிக்கை தடுத்தால் அதை விட்டுவிட்டு உறுதியெடுக்கவும் வழி இருக்கிறது. நம் சங்கங்களில் ஈழத்திலிருந்து ஏதிலிகளாக வந்த குடும்பங்களும் இருக்கின்றன. சீருடையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

தமிழ்ப் பள்ளியில் ஒரு பாடம் நடத்த இடம் இருந்தால் பகத் சிங் திந்தின் கதையைச் சொல்லுங்கள். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர், 1918-இல் அமெரிக்கத் தரைப்படையில் தலைப்பாகையோடு பணியாற்றியவர். சீருடையில் நின்று பெற்ற குடியுரிமையைச் சில நாட்களில் பறித்தார்கள். மறுபடி பெற்றார். வெள்ளையர் அல்லர் என்பதால் தகுதியில்லை என்று 1923-இல் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கென்று 1935-இல் வந்த சட்டத்தின் வழியாக 1936-இல் மூன்றாம் முறை குடியுரிமை பெற்றார். அமெரிக்கர் யார் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

பிக்னிக்கை ரத்து செய்யச் சொல்லவில்லை. சனியோ ஞாயிறோ வையுங்கள். திங்கள்தான் மைதானம் கிடைத்தது என்றால் அன்றே வையுங்கள். உள்ளூர் லீஜன் கிளைக்கு ஏப்ரலிலேயே எழுதி, கல்லறையில் கொடி நட எத்தனை பேர் தேவை என்று கேளுங்கள். மே மாதத்தில் அவர்கள் தரும் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூவைச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். சுவரொட்டியில் ‘ஹேப்பி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘மாலை 3 மணி, ஒரு நிமிடம்’ என்று போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சங்கங்களின் உறுப்பினர்கள் சிலர்